வேலி தாண்டும் பூச்செடிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையின் ஓரங்களில் பூத்துக் கிடக்கும் செடிகளில் பல, தோட்டத்து வேலியைத் தாண்டி வந்தவை. அவற்றில் மூத்தது உண்ணிச்செடி. வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்டது. அதன் கருநீலப் பழங்களைத் தின்னும் கொண்டைக்குருவி போன்ற பறவைகள் விதையைப் போகுமிடமெல்லாம் போட, இன்று நாடெங்கும் காடுகளில் புதராக மண்டிவிட்டது. இலையைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெட்டு மஞ்சள் காமாலை வரும் என்பதால் மேய்ச்சல் நிலமும் வீணாகிறது.

மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த காட்டுச் சூரியகாந்தியும் அவ்வழியில்தான் செல்கிறது. அதன் தழை நல்ல பசுந்தாள் உரம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது காற்றில் பறக்கும் இலேசான விதையால் பரவுவதோடு, ஒடித்துப் போட்ட தண்டிலிருந்தும் வேர்விட்டுத் தழைக்கும் என்பதால், வீட்டிலும் விடுதியிலும் கவாத்து செய்த கழிவைச் சாலைச் சரிவில் கொட்டுவது நட்டு வைப்பதற்குச் சமம். இந்த வழக்கம்தான் எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது. கொட்டுகிறவர்களோ குப்பைதானே, மக்கிப் போகும் என்று நினைக்கிறார்கள்.

அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. காட்டுக்குள் அப்பணி நடக்கையில், சாலையோரம் விதைக் களஞ்சியமாக நின்றால் பயன் குறையும். ஆகவே ஓரப் புதர்களை விதை முற்றுமுன், அதாவது பூக்கும்போதே வெட்ட வேண்டும். முற்றியபின் வெட்டி லாரியில் ஏற்றிச் சென்றால் வழிநெடுக விதைத்ததாகவே முடியும். மே மாதக் கோடை விழா மலர்க் கண்காட்சியில், எந்தெந்தச் செடிகளைத் தொட்டியை விட்டு இறக்கக் கூடாது என்று ஒரு பலகையும் வைக்கலாம்.

ஓராண்டுச் செடியான காஸ்மாஸைப் பலர் இதே வரிசையில் சேர்க்கிறார்கள். அது புதராக மண்டுவதில்லை என்பதால் எனக்கு அதன்மேல் அவ்வளவு அச்சமில்லை. ஆயினும் காட்டை ஒட்டித் தூவ வேண்டியதில்லை. சாலையோரம் மஞ்சள் பூ வேண்டுமென்றால் அடிவாரத்தில் ஆவாரை இருக்கிறது. வறண்ட மண்ணிலும் வளரும், ஆடுமாடும் அதை விரும்பி மேய்வதில்லை என்பதால் காவலும் தேவைப்படாது.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
ஏற்காடு.