நோயாளி சொல்வதும் சான்றுதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மனதில் நடப்பதை மூளை ஸ்கேனே காட்டிவிடும், ஆள் வாயால் சொல்வதெல்லாம் அறிவியலில் சேராது என்ற தொனியில் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்னிலம் பக்கத்துக் கிராமங்களில் சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என்னால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சம்பா நடவு முடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வருவார்கள். அப்படி வந்த ஒரு அம்மா சொன்னார்: “படுத்தா இடுப்புலேர்ந்து குதிகால் வரைக்கும் எரிஞ்சுக்கிட்டே இறங்குதும்மா. எழுந்து நின்னா கொஞ்சம் தேவல. சேத்துக் குளிர்ச்சி எலும்புல ஏறிடுச்சு.” அவரை ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை என்று அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நரம்பு தெரியாது. எரிச்சலோ எந்தப் படத்திலும் தெரியாது.

கண் முகாமில் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் பவரைக் காட்டிய பிறகும் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, “இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?” என்று கேட்டுத்தான் சீட்டு எழுதுகிறார்கள். மூளை ஸ்கேனும் அப்படித்தான். அது காட்டுவது ரத்த ஓட்டத்தில் வரும் மாற்றத்தை. அந்த நேரத்தில் வலித்ததா, எவ்வளவு வலித்தது என்பதை உள்ளே படுத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

உளவியலில் இந்தச் சண்டை பழசு. தனக்குள் பார்த்துச் சொல்வதை வைத்து ஆய்வு செய்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள், யார் சொல்வது சரி என்று தீர்க்க வழியில்லை. அதனால்தான் 1913இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன், உள்ளனுபவத்தை விட்டுவிட்டு வெளியே தெரியும் நடத்தையை மட்டும் ஆராய்வோம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் ‘என்ன உணர்கிறேன்’ என்பதும் ‘எதனால் உணர்கிறேன்’ என்பதும் வேறு வேறு.

அணுக் கொள்கை சொன்ன ஜான் டால்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு இளஞ்சிவப்பாகத் தெரிந்த ஜெரேனியம் பூ பகலில் தனக்கு நீலமாகத் தெரிகிறது என்று 1794இல் விவரித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதுதான் காரணம் என்றும் நம்பினார். அவர் 1844இல் இறந்ததும், அவர் விருப்பப்படியே கண்ணைத் திறந்து பார்த்தார்கள். திரவம் தெளிவாக இருந்தது. காரணம் தப்பு, சரி. பார்வையும் பொய்யா? பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கண்ணை 1995இல் மரபணுச் சோதனை செய்தபோது, நிறத்தை உணரும் நிறமி ஒன்றுக்கான மரபணு அவருக்கு இல்லை என்று தெரிந்தது. தன் கண்ணுக்குத் தெரிவதை அவர் அவ்வளவு நுணுக்கமாக எழுதி வைக்காமல் இருந்திருந்தால் இந்தச் சோதனைக்கே அவசியம் வந்திருக்காது.

அந்த அம்மா விஷயமும் இதுதான். சேத்துக் குளிர்ச்சி என்பது தப்பாக இருக்கலாம். குதிகால் வரை இறங்கும் எரிச்சல் தப்பில்லை. எந்த நரம்பைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதுதானே துப்பு? வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கமே 2020இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறது.

ஆகவே சுகாதாரத் துறைக்கு உங்கள் வழியாக ஒரு கோரிக்கை. ஆரம்ப சுகாதார நிலையத்துச் சீட்டில் ‘இடுப்பு வலி’ என்று மட்டும் எழுதி முடித்துவிடாமல், நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எங்கே தொடங்குகிறது, எங்கே போகிறது, எப்போது கூடுகிறது என்று கேட்க இரண்டு நிமிடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
நன்னிலம், திருவாரூர் மாவட்டம்.