மருந்து கொடுக்கும் இடத்தில் மருந்தாளர் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறு வெளியானதும் பல்கலைக்கழக விண்ணப்பம் பற்றி ஆலோசனை கேட்டு வரும் பெற்றோரிற் பலர், மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் புள்ளி) போதாத பிள்ளைக்கு மருந்தகவியல் கிடைப்பதை ஆறுதற் பரிசாகவே எண்ணுகின்றனர். “மருந்து எடுத்துக் குடுக்க நாலு வருசப் படிப்போ?” என்று ஒரு தந்தையார் என்னிடம் கேட்டார். அவரைக் குறைகூற மனம் வரவில்லை. அவர் போய்வரும் மருந்தகத்தில் மருந்தாளரின் பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. மருந்து கொடுப்பவரோ வேறொருவர்.

மூட்டுவாதத்துக்கு வழங்கப்படும் மெதொற்றெக்சேற் குளிசையை வாரத்தில் ஒரு நாள் மாத்திரமே எடுக்க வேண்டும். அதே குளிசையை நாள்தோறும் விழுங்கினால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு, குருதிக் கலங்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். கடதாசி உறையில் “1” என்று மட்டும் கிறுக்கிக் கொடுத்தால், கண்பார்வை மங்கிய ஒரு மூதாட்டி அதை எப்படி விளங்கிக்கொள்வார்? வாரத்தின் எந்த நாளில் எடுப்பது என்பதை உறையில் தமிழில் எழுதி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவைத்து அனுப்புவதுதான் மருந்தாளரின் வேலை. வைத்தியர் எழுதிய அளவில் ஐயம் எழுந்தால், மருந்தைக் கொடுக்குமுன் அவரையே தொடர்புகொண்டு கேட்கும் துணிவையும் அந்தப் படிப்பே தருகிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இப்பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். மருந்துகளின் இரசாயனம், அவை உடலில் தொழிற்படும் விதம், ஒன்றோடொன்று முரண்படும் மருந்துகள் ஆகியவற்றைக் கற்று, வைத்தியசாலைப் பயிற்சியும் பெற்று, இலங்கை மருத்துவ சபையில் பதிவுசெய்த பின்னரே ஒருவர் மருந்தாளராகிறார். இத்தனை கற்ற ஒருவரின் சான்றிதழ் மட்டும் கடையில் இருந்து ஆள் இல்லாதிருப்பது நோயாளருக்கு இழைக்கும் அநீதி என்றே சொல்வேன். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு மருந்தகங்களின் உரிமங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் உண்டு.

ஆகவே மாலை வேளைகளிலும், கூட்டம் நிறைந்திருக்கும் நேரத்திலும் அதிகாரிகள் பரிசோதனைக்கு வர வேண்டும். மருந்தாளரின் பெயரும் அவர் கடமையில் இருக்கும் நேரமும் வாசலிலேயே தமிழில் எழுதப்பட வேண்டும். பல்கலைக்கழக மருந்தகவியல் மாணவர்கள், விண்ணப்ப காலத்துக்கு முன்னரே எமது பாடசாலைகளுக்கு வந்து தமது படிப்பைப் பற்றிப் பெற்றோர் முன்னிலையில் பேசினால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
கோண்டாவில்.