பங்குனி உத்திரத்துக்கு வரும் சொந்தங்களுக்கு

சாஸ்தா கோயிலில் கூடப்போகும் பங்காளி வீட்டு அண்ணாச்சிமார், மதினிமார், சித்திமார் அனைவருக்கும், என் பிறந்த வீட்டாருக்கும் வணக்கம்.

இந்த உத்திரத்தன்று எங்கள் கடைக்குட்டிக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறோம். எப்போதோ செய்திருக்க வேண்டியது. ஏன் தள்ளிப்போனது என்று உங்களுக்கே தெரியும். அன்றைக்கு அவள் போடப்போவது அவளுடைய அக்காவின் கம்மல். "செத்துப்போன பிள்ளை நகைய நல்ல காரியத்துல போடலாமா?" என்று சொந்தத்துக்குள் பேச்சு ஓடுவது என் காதுக்கும் வந்தது. கோயில் வாசலில் வைத்து இந்தப் பேச்சு வேண்டாம் என்றுதான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

கம்மலைக் கேட்டது நான் இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும்தான்.

2022 ஆவணியில் நடு மகள் போனாள். ஏழு வயது. அந்த வருஷம் வழக்கப்படி எங்கள் வீட்டில் பண்டிகை இல்லை. நீங்கள் ஆளாளுக்குப் பலகாரம் கொடுத்துவிட்டதை மறக்கவில்லை. வருஷம் திரும்பியதும், "இனி கொண்டாடலாம்" என்றீர்கள். எனக்குக் கஷ்டமே அதற்கப்புறம்தான். பெரியவன் தீபாவளிக்குத் துணியே கேட்கவில்லை. "போன வருஷச் சட்டையே நல்லாத்தானம்மா இருக்கு" என்றான். போன வருஷம் அவனுக்குச் சட்டையே எடுக்கவில்லை.

துட்டி கேட்க வந்தவர்கள் ஆள் மாற்றி ஆள் அவனைக் கட்டிப்பிடித்து, "நீ அழக்கூடாதுய்யா, நீதான் இனி அம்மையப் பாத்துக்கணும்" என்று சொல்லியிருந்தார்கள். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை அதை அப்படியே தலையில் ஏற்றிக்கொண்டான். தங்கச்சி பேச்சையே என் முன்னால் எடுக்க மாட்டான். நானும் அவன் முன்னால் எடுக்க மாட்டேன். ஒரே வீட்டுக்குள் ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் அழுதுகொண்டிருந்தோம்.

2023 மார்கழி பிறந்த அன்றே அந்தப் பேய்மழை. டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் நம் ஜில்லா பட்ட பாடு சொல்லி முடியாது. தாமிரபரணித் தண்ணீர் தெருவுக்குள் ஏறியபோது நானும் அவன் அப்பாவும் வீட்டுப் பத்திரத்தையும் ரேஷன் கார்டையும் தேடிக்கொண்டிருந்தோம். அவன் ஒரு பவுடர் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினான். மேலே போய்த் திறந்து பார்த்தால், தங்கச்சியின் ரிப்பன், ஒரு ஜோடி ரப்பர் வளையல், பஞ்சில் சுற்றின அந்தக் கம்மல். அதுவரை கம்மல் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

தண்ணீர் வடிந்து வீட்டைக் கழுவிவிட்ட பிறகு, சின்னவள் எங்கிருந்தோ ஒரு பூசணிப்பூவைக் கொண்டுவந்து, "அக்கா வச்ச மாதிரி வை" என்று அண்ணன் கையில் கொடுத்தாள். அக்கா வாசலில் சாணிப்பிள்ளையார் பிடித்துப் பூ வைக்கிற போட்டோ ஒன்று உண்டு. அன்றிலிருந்து தினமும் அவன்தான் பூ வைத்தான், அதை எருவாகத் தட்டிக் காயவைத்துச் சேர்த்தான். தையில், வெள்ளம் விட்டுப்போன வண்டலைக் குழைத்தே வாசலில், பிள்ளைகள் பொங்கலிடும் சிறுவீட்டைக் கட்டினான். சுண்ணாம்பும் காவியும் நான் பூசிக்கொடுத்தேன். உள்ளே இது அடுப்படி, இது பட்டாசல், இது அக்கா படுக்கிற இடம் என்று சின்னவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அக்காவுக்கும் ஒரு இலை போட்டாள். அந்த இலையில் இருந்த பொங்கலிலிருந்து பெரியவன் திராட்சையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் வைத்தான். அவள் திராட்சை தின்ன மாட்டாள். அன்றைக்குத்தான் நாங்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அழுதோம். அழுது முடித்துச் சாப்பிட்டோம். சாயங்காலம் ஆற்றில் எருவில் சூடம் ஏற்றி விடும்போது மூன்று விட்டார்கள், ஆளுக்கொன்று.

பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சின்ன வயதில் போன பெண்பிள்ளையைக் கன்னி என்று நம் வீடுகளில் கும்பிடுகிறோம் அல்லவா? ஓலைப்பெட்டியில் பாவாடையும் வளையலும் வைத்து, கல்யாணம் காட்சி என்றால் முதலில் அவளுக்குப் படைத்துவிட்டுத்தானே மற்ற காரியத்தைத் தொடங்குகிறோம்? போன பிள்ளையை நல்ல காரியத்துக்கு முதல் ஆளாகக் கூப்பிட்ட ஆச்சிமார் வழி வந்தவர்கள் நாம். அப்புறம் கம்மலில் மட்டும் என்ன தீட்டு?

என் தம்பிக்கு: அந்தக் கம்மலும் தாய்மாமன் நீ அன்றைக்குப் போட்டதுதான். புதுசுக்குச் சொல்லி வைத்திருந்தால் அது இருக்கட்டும், பிறகு போட்டுக்கொள்வாள். மடியில் வைத்துக் காது குத்தும்போது இதையே போட்டுவிடு.

மற்றவர்களிடம் கேட்பது கொஞ்சம்தான். பெரியவனிடம், "அம்மையப் பாத்துக்கோ" என்று இனி யாரும் சொல்லவேண்டாம். நான் இடையில் அழுதால் அழவிடுங்கள், அதற்காகப் பேச்சை மாற்றவேண்டாம். "இன்னும் ரெண்டு இருக்குல்லா" என்றும் சொல்லவேண்டாம். அவள் பெயரைச் சொல்லுங்கள். இந்த மடலில் அதை நான் எழுதவில்லை. மூன்று வருஷமாக உங்கள் யார் வாயிலிருந்தும் அது வரவில்லை, அன்றைக்கு உங்கள் வாயால் கேட்கவேண்டும் என்று இருக்கிறது. மொட்டை போட்ட தலையைத் தடவி, "உங்க அக்காவுக்கும் இங்கதான் காது குத்துனோம், எப்படி அழுதா தெரியுமா" என்று ஒருத்தராவது சின்னவளிடம் சொன்னால் போதும். அவளுக்கு அக்காவைப் பற்றிக் கதை கேட்க அவ்வளவு ஆசை.

கம்மலைப் பெரியவன் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறான். ஒரு திருகாணி மட்டும் காணவில்லை. ஆசாரியிடம் செய்யக் கொடுத்திருக்கிறோம், உத்திரத்துக்கு முன்னால் தந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.