சன்னலோர வெயில் ஆமைக்குஞ்சுக்குப் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சிறுவர் இணைப்பில் ஆமைக்குஞ்சு வளர்ப்பது பற்றி அண்மையில் வெளியான குறிப்பைப் படித்தேன். சிறிய கண்ணாடித் தொட்டி, பாதியளவு தண்ணீர், ஏறி உட்கார ஒரு கல், நாளுக்கு ஒரு சிட்டிகை உலர் இறால், 'சன்னலோரமாக வைத்தால் வெயிலும் கிடைத்துவிடும்' என ஐந்தே வரிகளில் முடிந்துவிட்ட அந்தக் குறிப்பை நம்பி யாரேனும் ஒரு குஞ்சை வாங்கி வந்தால், அது ஓராண்டைத் தாண்டுவது அரிது. இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. ஏறத்தாழ அதே முறையில் வளர்த்து, ஒரு சிவப்புக்காது ஆமைக்குஞ்சை ஏழே மாதத்தில் பறிகொடுத்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

என் தொட்டியும் சன்னலோரமாகத்தான் இருந்தது. காலை வெயில் நேராக விழும். குஞ்சும் கல்லின்மேல் ஏறிப் பின்னங்கால்களை நீட்டிக்கொண்டு சுகமாகக் காயும். பிறந்த புதிதில் ஓடு சற்று இளகியிருப்பது இயல்புதான். ஆனால் வளர வளர இறுக வேண்டிய ஓடு இறுகாமல், நான்காம் மாதத்தில் அதன் விளிம்பு விரல் பட்டாலே அமுங்கத் தொடங்கியது. தூக்கிக்கொண்டு போனபோது கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, சன்னல் கண்ணாடி மூடியிருக்குமா, திறந்திருக்குமா என்பதுதான். ஆமையின் தோல் தனக்கு வேண்டிய வைட்டமின் டி3-ஐ உருவாக்கிக்கொள்ள வெயிலிலுள்ள புற ஊதா பி கதிர் வேண்டும். சாதாரணக் கண்ணாடி வெளிச்சத்தையும் வெப்பத்தையும் உள்ளே விட்டு, அந்தக் கதிரை மட்டும் ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. அந்த வைட்டமின் இல்லையென்றால் தீனியில் எவ்வளவு சுண்ணாம்புச்சத்து இருந்தாலும் உடலில் ஒட்டாது. பற்றாக்குறையை ஈடுகட்ட உடல் எலும்பிலிருந்தும் ஓட்டிலிருந்தும் அதை உறிஞ்சிக்கொள்ளும். தங்கள் குறிப்பில் இருந்த ஒற்றை வரி எவ்வளவு தவறானது என்பதை விளக்கவே இவ்வளவும் எழுதினேன்.

ஆகவே வெயில் காய ஒரு மேடும், அதன்மேல் சூடு தரும் விளக்கு ஒன்றும், புற ஊதா பி தரும் விளக்கு ஒன்றும் தேவை. மேடு முழுதும் உலர்ந்து, குஞ்சு வழுக்காமல் ஏறும்படி சரிவாக இருக்க வேண்டும். அங்கே வெப்பம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. விளக்குகள் நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியலாம். இரவில் அணைத்துவிட வேண்டும். புற ஊதா விளக்குக்கும் ஆமைக்கும் நடுவே கண்ணாடி மூடியோ பிளாஸ்டிக் தகடோ வரக்கூடாது. பலர் அறியாத இன்னொன்று, அந்த விளக்கு பார்வைக்குப் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போதே அதிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் குறைந்துபோயிருக்கும். எனவே தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில், பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள், அதை மாற்றிவிட வேண்டும். திறந்தவெளி வெயில் இதைவிடச் சிறந்தது. ஆனால் பாதி நிழலுள்ள அகலமான பாத்திரத்தில் வைத்து, அருகிலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் தண்ணீர் வெகு விரைவில் கொதிப்பேறிவிடும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, ஓட்டின் நீளம் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ 40 லிட்டர் என்பது ஆமை வளர்ப்போர் கைக்கொள்ளும் கணக்கு. ஆமை மீனைவிட அதிகம் அசுத்தம் செய்வதால், தொட்டியின் கொள்ளளவைப் போல் இரு மடங்குக்கான வடிகட்டியே போதுமானதாக இருக்கும். அந்த வடிகட்டியில், ஆமையின் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதால், தொட்டியை முதலில் அமைத்து ஓடவிட்டு, குஞ்சைப் பிறகு கொண்டுவருவதே முறை; நம்மில் பெரும்பாலோர் குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொட்டி தேடுகிறோம். குஞ்சுக்குத் தண்ணீர் 25 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும். வாய்க்குள் போகும் அளவிலான கூழாங்கற்களை அடியில் பரப்பினால் குஞ்சு அவற்றை விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். வெறும் கண்ணாடித் தரையே பாதுகாப்பானது.

உலர் இறால் ஆசைக்குக் கொடுக்கும் தின்பண்டமே அன்றி உணவு ஆகாது. நீராமைகளுக்கென்று செய்யப்பட்ட குருணைத் தீவனம், கீரை, நீர்ச்செடிகள், அவ்வப்போது புழு அல்லது சிறு மீன், கொறிக்கக் கணவாய் ஓடு என்று கலந்து கொடுக்க வேண்டும். நீராமை தண்ணீருக்குள்தான் விழுங்கும்; கரையில் வைத்து ஊட்ட முயல்வது வீண். கண் வீங்கி மூடிக்கொள்வது வைட்டமின் ஏ குறைவைக் காட்டலாம். ஒருபுறமாகச் சாய்ந்து மிதப்பதும், மூக்கில் குமிழி விடுவதும், வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும் நுரையீரல் தொற்றின் அடையாளங்கள். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சிறுவர் இணைப்பு என்பதால் இன்னொன்றையும் சொல்லியிருக்க வேண்டும். நலமாகத் தோன்றும் ஆமையின் உடலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகள் சிறு ஆமைகளை வாயில் வைத்து நோய்ப்பட்டதால்தான், ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை வளர்ப்புக்காக விற்பதை அமெரிக்கா 1975-இல் தடை செய்தது. ஆமையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவுவதும், தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதிருப்பதும் கட்டாயம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஆமையே வேண்டாம் என்பேன்.

தொட்டியின் அளவுக்குத் தக்கபடிதான் ஆமை வளரும் என்று அந்தக் குறிப்பு முடிந்திருந்தது. இது வெறும் கட்டுக்கதை. நாணயம் அளவில் வரும் சிவப்புக்காது ஆமைக்குஞ்சு, பெண்ணாக இருந்தால் 25 சென்டிமீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. நன்றாகப் பேணினால் முப்பது ஆண்டுகள்கூட வாழும். என்னிடம் இப்போது இருக்கும் ஆமைக்குப் பதினோரு வயது, 24 சென்டிமீட்டர். அதன் தொட்டி 400 லிட்டர். இப்படி வளர்ந்தவற்றை வைத்துக்கொள்ள முடியாமல் குளங்களில் விட்டதன் விளைவாகத்தான் இந்த இனம் பல நாடுகளில் உள்ளூர் ஆமைகளை நெருக்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் இதன் இறக்குமதியை நிறுத்தியதும் அதனால்தான். குளத்தில் விடுவதற்குப் பதிலாக, வளர்க்க வசதியுள்ள வேறொருவரிடம் ஒப்படைப்பதே சரி.

அடுத்த வாரச் சிறுவர் இணைப்பில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் குறைவென்றால், சன்னலோரம் பற்றிய அந்த ஒரு வரியையாவது திருத்துங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்