‘ஒரு வாய்தானே’ என்று ஊட்டிவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பரம்பரை நோய்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். மரபணுவைப் பற்றி நிறைய இருந்தது. உணவைப் பற்றி ஒரே ஒரு வரி. என் பேரன் இன்று பாலர் பள்ளிக்குத் துள்ளிக்கொண்டு போவது உணவை ஆராய்ந்தவர்களால்தான். அதனால் எழுதுகிறேன்.

அவனுக்கு ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பரம்பரை நோய். புரதத்தில் இருக்கும் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை மாற்றவேண்டிய கல்லீரல் நொதி அவனுக்குச் சரியாக வேலை செய்வதில்லை. அந்த அமிலம் ரத்தத்தில் தேங்கினால் மூளை சரியாக வளராது. பிறந்த சில நாளிலேயே குதிகாலில் எடுத்த ரத்தத்துளி காட்டிக்கொடுத்தது. பல நோய்களுக்குச் சேர்த்துச் செய்யும் இந்த விரிவான பரிசோதனை 2006 முதல் சிங்கப்பூரில் பெற்றோர் ஒப்புதலுடன் செய்யப்படுகிறது.

இந்த நோயை 1934இல் நார்வேயில் கண்டறிந்தவர் அஸ்பியோர்ன் ஃபோலிங். கண்டறிந்தாரே தவிர, அப்போது மருந்தில்லை. 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் ஹோர்ஸ்ட் பிக்கல் என்ற இளம் ஜெர்மானிய மருத்துவரிடம் ஒரு தாய் தன் இரண்டு வயது மகளைக் கொண்டுவந்தார். நிற்காது, பேசாது, ஓயாமல் அழுது தலையை முட்டிக்கொள்ளும் குழந்தை. மருந்தில்லை என்ற பதிலை அந்தத் தாய் ஏற்கவில்லை. காலைதோறும் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். பிக்கலும் ஜான் ஜெரார்டும் உயிர்வேதியியலாளர் ஈவ்லின் ஹிக்மன்ஸும் பால் புரதத்தைச் சிதைத்து, கரியில் வடிகட்டி, அந்த அமிலத்தை நீக்கி ஓர் உணவு செய்தார்கள். சில மாதங்களில் குழந்தை தவழ்ந்தது, நின்றது, தலைமுட்டுவதை நிறுத்தியது. 1953இல் அதை வெளியிட்டார்கள். பிக்கல் பிறகு ஹைடல்பர்க்கில் பேராசிரியரானார்; இத்தகைய குழந்தைகளின் உணவைத் தொடர்ந்து ஆராய்ந்தார்.

அந்த ஆய்வில் ஒரு பகுதி என்னைத் தூங்கவிடவில்லை. முன்னேற்றம் உணவால்தானா என்று உறுதிசெய்ய, தாய்க்குத் தெரியாமலே நீக்கிய அமிலத்தை மீண்டும் உணவில் கலந்தார்கள். பத்து மாதத்தில் பெற்றதையெல்லாம் பிள்ளை சில நாளில் இழந்துவிட்டதாக அந்தத் தாய் வந்து சொன்னார். இன்று எந்த மருத்துவமனையும் இதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது.

ஆனால் தாய்க்குத் தெரியாமல் கலப்பதை நம் வீடுகளில் பாசத்தால் செய்கிறோம். போன ஆண்டு ஒரு திருமண வீட்டில், என் மருமகள் கைகழுவப் போன நேரத்தில், உறவுக்காரர் ஒருவர் பேரன் கையில் மெதுவடை கொடுத்தார். “பிள்ளை ஏங்கிப் பார்க்குது, ஒரு வாய்தானே!” உளுந்தின் எடையில் ஏறக்குறைய கால்பங்கு புரதம். ஒரு பெரிய வடைக்கு இருபது கிராம் உளுந்து என்றால் ஐந்து கிராம் புரதம். நோய் கடுமையாக உள்ள சிறுபிள்ளைகள் பலருக்கு ஒரு நாள் முழுவதற்கும் அனுமதிக்கப்படுவதே அவ்வளவுதான். சாம்பார், தயிர், இட்லி, முட்டை எல்லாமே கணக்கில் வரும். எங்கள் சமையலறையில் கிராம் தராசு உப்பு ஜாடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தேக்கா சந்தையில் வாங்கும் ஜவ்வரிசியில்தான் அவனுக்கு உப்புமா. மீதிப் புரதத்துக்கு, அந்தப் பர்மிங்காம் கலவையின் வழிவந்த மாவைக் கரைத்துக் குடிக்கிறான். அதன் வாடை எனக்கே பிடிக்காது. அவன் முகம் சுளிக்காமல் குடித்துவிடுவான்.

வடை தின்றதும் அவனுக்கு வாந்தி வரவில்லை, உடம்பு தடிக்கவில்லை. “பாருங்கள், ஒன்றும் ஆகவில்லையே” என்றார் அந்த உறவினர். இந்த நோயில் அதுதான் கொடுமை. ஒவ்வாமை போல உடனே தெரியாது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் எண்ணாக வரும். அடிக்கடி நடந்தால் பள்ளியில் கவனக்குறைவாக வரும்.

இன்னொன்றும் கேட்கிறார்கள்: “யார் பக்கத்துக் குறை?” தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய். என் மகனிடமிருந்தும் வந்தது. அப்படியானால் என்னிடமிருந்தோ என் கணவரிடமிருந்தோ வந்திருக்கும். மருமகளை மட்டும் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

ஐயா, தீபாவளிக்கு முன் உங்கள் குடும்பப் பக்கத்தில் ஓர் உணவியல் நிபுணரிடம் கேட்டு இந்தப் பிள்ளைகளின் உணவைப் பற்றி எழுதுங்கள். இனிப்பூட்டி அஸ்பார்டேம் சேர்த்த குளிர்பான டின்களில் ஃபீனைல்அலனின் எச்சரிக்கை அச்சிட்டிருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விருந்தாளிகள் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். வெட்டி எடுத்து எங்கள் வீட்டு வாசற்கதவின் உட்புறம் ஒட்டிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி,
தோ பாயோ