மாலையில் இரண்டு மணி நேரம் மண்டபத்தைத் திறந்துவிடுங்கள்: பர்மாத் தமிழ்க் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தர்மகர்த்தாக்களுக்கும் நிர்வாகக் குழுப் பெரியோர்களுக்கும்,

வணக்கம். நம் முன்னோர் சிரியம் என்று அழைத்த தன்லினில் சிறிய மளிகைக் கடை வைத்துப் பிழைக்கும் ஒரு தகப்பன் இதை எழுதுகிறேன். என் மகள் ஏழாம் வகுப்பிலும் மகன் மூன்றாம் வகுப்பிலும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். நான் எந்தக் குழுவிலும் பொறுப்பு வகித்தவன் அல்லேன். திருவிழாவுக்கு வரி கொடுத்தவன், தீமிதிக்கு விறகு சுமந்தவன், அன்னதானப் பந்தியில் சோறு பரிமாறியவன் என்ற அளவில் உங்களில் சிலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். அந்த உரிமையில்தான் ஒன்று கேட்கிறேன். கோடை விடுமுறைத் தமிழ் வகுப்போடு நின்றுவிடாமல், ஆண்டு முழுவதும், வாரத்தில் ஐந்து நாளாவது, மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை கோயில் மண்டபத்தைப் பிள்ளைகளின் படிப்புக்குத் திறந்துவிடுங்கள். அங்கே தாயோ தகப்பனோ பிள்ளையின் பக்கத்தில் உட்கார இடம் கொடுங்கள். பர்மியப் பாடப் புத்தகமும் தமிழ்ப் புத்தகமும் ஒரே பாயில் விரித்துக் கிடக்கட்டும்.

இதைப் பள்ளியிடம் கேட்காமல் கோயிலிடம் ஏன் கேட்கிறாய் என்று நீங்கள் நினைக்கக்கூடும். இந்த நாட்டில் நம் எழுத்துக்குக் கோயிலைத் தவிர வேறு கூரை இல்லாமல் போன கதை உங்களுக்குத் தெரியாததன்று. என் தந்தையார் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, 1964இல், 50 கியாட் நோட்டும் 100 கியாட் நோட்டும் செல்லாது என்று அரசு அறிவித்தது. கடைகளும் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கப்பல் கப்பலாக நம்மவர்கள் ஊர் திரும்பினார்கள். தந்தையாருக்குப் பாடம் சொன்ன வாத்தியாரும் அப்படியொரு கப்பலில் ஏறிப் போய்விட்டார். மறு ஆண்டு, 1965இல், தனியார் பள்ளிகள் அரசுடைமையாயின. ரங்கூனிலிருந்து நாள்தோறும் வந்துகொண்டிருந்த ரசிகரஞ்சனி, தொண்டன் போன்ற தமிழ் நாளிதழ்களும் அந்தப் பத்தாண்டிலேயே நின்றன. அதற்குப் பிறகு தந்தையார் கற்ற தமிழ் முழுவதும் கோயில் திண்ணையில் கற்றது. அவர் எனக்குக் கற்பித்ததும் அதே திண்ணையில்தான், மணலில் விரல் பிடித்து. உங்களுக்கு முன்பு இந்தப் பொறுப்பில் இருந்த பெரியோர்கள் அன்று அந்தத் திண்ணையைத் தந்திராவிட்டால் இந்த மடலை நான் எழுதியிருக்க முடியாது. அந்த நன்றியை முதலில் சொல்லிவிட்டுத்தான் குறையைச் சொல்கிறேன்.

நம் பிள்ளைகளுக்கு மார்ச் மாதத்தில் பள்ளி விடுமுறை தொடங்கினால் ஜூன் மாதத்தில்தான் மறுபடி திறக்கிறது. அந்த இடைவெளியில்தான் கோயில்களில் தமிழ் வகுப்பு நடக்கிறது. நடுவில் தண்ணீர்த் திருவிழா வந்துவிட்டால் வகுப்பு கலைந்து, மறுபடி கூடுவதற்குள் ஒரு வாரம் போய்விடும். மே மாதக் கடைசியில் பிள்ளை எழுத்துக் கூட்டி ‘அம்மா’, ‘மாடு’, ‘வாழை’ என்று வாசிக்கத் தொடங்கும் நேரத்தில் பள்ளி திறந்துவிடுகிறது. அதன்பின் ஒன்பது மாதம் அந்தப் புத்தகத்தை யாரும் தொடுவதில்லை. அடுத்த மார்ச்சில் மறுபடி ‘அ’. என் மகன் மூன்று கோடைகளில் மூன்று முறை ‘அ’ கற்றிருக்கிறான். சம்பளம் ஏதும் வாங்காமல், தம் வீட்டு வேலையையும் விட்டுவிட்டு வந்து கற்பிக்கும் ஆசிரியப் பிள்ளைகளை நான் ஒரு சொல்லும் குறை சொல்ல மாட்டேன். உழுது விதைத்துவிட்டு ஒன்பது மாதம் தண்ணீர் பாய்ச்சாத வயலுக்கு விதைத்தவர் என்ன செய்வார்?

இனி, பெற்றோரும் கூட உட்கார வேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

என் மனைவி கயான் என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். வீட்டில் தமிழைத் தவிர வேறு மொழி பேசி அறியாதவர். ஆனால் எட்டாம் வகுப்பு வரை பர்மியத்தில் மட்டுமே படித்ததால், தம் பெயரைக்கூடத் தமிழில் எழுதத் தெரியாமல் இருந்தார். மகளுக்கு ஆறு வயதானபோது கோடை வகுப்பில் சேர்த்தோம். வகுப்பு முடியும்போது இருட்டிவிடும் என்பதால் மனைவி கூடவே போய், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து காத்திருப்பார். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு நான் போனபோது, அவர் மடியில் ஒரு சிலேட்டு இருந்தது. என்னைக் கண்டதும் முந்தானையால் மூடிக்கொண்டார். சிலேட்டில் ‘க ங ச ஞ’ என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது.

அன்று இரவு மகள் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டாள். பர்மிய அரிச்சுவடியிலும் ‘க’வில்தான் தொடங்குகிறோம், ‘ங’வில்தான் அந்த வரிசை முடிகிறது, ஆனால் அங்கே நடுவில் இன்னும் மூன்று எழுத்து இருக்கிறதே, தமிழில் அவை எங்கே போயின என்றாள். பர்மியத்தில் மெய்யெழுத்து 33, நமக்கு 18 என்பது எனக்கும் தெரியும். ஆனால் இப்படி ஒரு குழந்தை கேட்டு நான் கேட்டதில்லை. நான் விழித்துக்கொண்டிருக்க, மனைவி சொன்னார்: “‘கடல்’ சொல்லிப் பார், ‘தங்கம்’ சொல்லிப் பார். எழுத்து ஒன்றுதான், உன் வாய் இரண்டு விதமாகச் சொல்கிறது பார். நம் எழுத்து, பக்கத்து எழுத்தைப் பார்த்துச் சத்தம் மாற்றிக்கொள்ளும்.” இலக்கண நூல் எதையும் அவர் கண்டதில்லை. தாமே எழுத்துக் கூட்டிப் படித்துத் தடுமாறியதால் கண்டுகொண்டது அது. அந்தக் கோடை முடிவதற்குள், அவருடைய பாட்டியின் டிரங்குப் பெட்டியில் முப்பது ஆண்டுக்கும் மேலாக யாரும் வாசிக்காமல் கிடந்த ஓர் அஞ்சல் கடிதத்தை அவரும் மகளும் சேர்ந்து ஒரு மாலை முழுவதும் எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். திருச்சிக்குத் திரும்பிப் போன உறவினர் எழுதியது. எல்லோரும் நலமா, சிவப்புப் பசு கன்று போட்டதா என்று விசாரித்திருந்தார். அந்தப் பசுவைத் தமக்கு நினைவிருக்கிறது என்று என் மாமியார் சொன்னார்.

அந்த மாலைக்குப் பிறகு மகளைப் படி என்று நான் அதட்ட வேண்டி வந்ததில்லை. தெருமுனை வாடகைப் புத்தகக் கடையில் பர்மியப் படக்கதைகளில் தொடங்கி இப்போது தடித்த கதைப் புத்தகங்கள்வரை வந்திருக்கிறாள். ரங்கூன் பான்சோடன் தெருவில் பழைய புத்தகங்கள் பரப்பியிருக்கும் நடைபாதைக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது அழைத்துப்போக வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். தமிழ் படித்தால் பள்ளி மதிப்பெண் குறையும் என்று அஞ்சும் பெற்றோரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நானும் அப்படி அஞ்சியவன்தான். என் வீட்டில் நடந்தது வேறு. தமிழை எழுத்துக் கூட்டி, பொருள் கேட்டுக் கேட்டுப் படித்த பிள்ளை, பர்மியப் பாடத்தையும் அப்படியே படிக்கப் பழகிக்கொண்டாள். நம் பிள்ளைகள் பாடத்தை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்வதை நீங்கள் மாலை வேளைகளில் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கலாம். நிறுத்திவிட்டு, இப்போது சொன்னதற்கு என்ன பொருள் என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குப் பக்கத்தில் ஒருவர் இல்லாததுதான் இங்கே குறை.

அந்த ஒருவரை நாம் டியூஷனில் தேடுகிறோம். நானும் கட்டணம் கட்டினேன். கட்டிவிட்டதாலேயே கடமை முடிந்தது என்று இரண்டு ஆண்டு இருந்தேன். டியூஷன் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பத்தாம் வகுப்புக்கு மேல் அது இல்லாமல் முடியாது என்று பலர் சொல்கிறார்கள், இருக்கலாம். ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வேண்டியது பக்கத்தில் ஒரு தாய் உட்கார்ந்து, “எங்கே, இதை எனக்குச் சொல்லிக் கொடு பார்க்கலாம்” என்று கேட்பது. நம் தாய்மார்கள் பலருக்கு அதைச் செய்ய மனம் இருக்கிறது, இடம் இல்லை. ஒற்றை அறை வீடு, நாளில் பாதி நேரம் மின்வெட்டு, தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஒரு பக்கம், கடை வேலை ஒரு பக்கம். கோயிலில் விளக்கு இருக்கிறது. மின்சாரம் போனாலும் பூஜைக்காக ஜெனரேட்டரோ சோலார் பேட்டரியோ வைத்திருக்கிறீர்கள். அந்த வெளிச்சத்தில் கொஞ்சம் கேட்கிறோம்.

புத்தகங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் போய்வந்த ஒரு கோயிலில், ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை, கண்ணாடி அலமாரி நிறையத் தமிழ்ப் புத்தகங்கள் இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து வந்த அன்பர்கள் கொடுத்தவை. குழந்தைகளுக்கான படப் புத்தகங்களும் அவற்றில் இருந்தன. அலமாரியைப் பூட்டியிருந்தார்கள். சாவி வைத்திருந்தவர் மோல்மேனுக்குப் போயிருந்தார். எப்போது வருவார் என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. என் மகன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, யானைப் படம் போட்ட அட்டையின் தலைப்பை எழுத்தெழுத்தாக வாசித்தான். அட்டையின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. புத்தகம் தொலைந்துவிடும் என்ற அச்சத்தில் பூட்டினார்கள் என்று அறிகிறேன், அந்த அச்சம் நியாயமானதே. ஆனாலும் பிள்ளை எடுத்துப்போய்க் கிழித்த புத்தகம் ஒருமுறையாவது வாசிக்கப்பட்டிருக்கும். பூச்சி தின்ற புத்தகத்தை வாசித்தவர் யார்? ஒரு நோட்டில் பெயரும் தேதியும் எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தால் போதும். அந்த நோட்டை வைத்துக்கொள்ளப் பத்து வயதுப் பெண் பிள்ளை ஒருத்தியிடம் பொறுப்புக் கொடுங்கள். பெரியவர்களைவிடக் கண்டிப்பாக வசூலித்துவிடுவாள்.

பள்ளி நிகழ்ச்சிகளைப் பற்றிச் சொல்லும்போது என் தவற்றையும் சொல்லியாக வேண்டும். மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது கவிதை ஒப்புவிக்கும் போட்டிக்கு ஆசிரியை அவளைத் தேர்ந்தெடுத்தார். பள்ளி விட்ட பிறகு இரண்டு வாரம் பயிற்சி. டியூஷன் கெடும் என்று நான் மறுத்துவிட்டேன். உண்மையான காரணம் வேறு. அனுமதி கேட்டு ஆசிரியை என்னைப் பள்ளிக்கு வரச் சொன்னார். என் பர்மிய உச்சரிப்பைக் கேட்டுப் பிற பெற்றோர் முன்னால் மகள் கூசுவாளோ என்று எனக்குத் தயக்கம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. போட்டி நடந்த நாளில் வெள்ளைச் சட்டை, பச்சை லுங்கி, கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்தோடு வழக்கம்போலக் கிளம்பிப் போனாள். மாலையில், பரிசு பெற்ற பிள்ளை எந்த வரியில் தடுமாறினாள் என்று எங்களிடம் சொல்லிவிட்டு, முழுக் கவிதையையும் அடுப்படியில் நின்று ஒப்புவித்தாள். ஒரு வரி பிசகவில்லை. அதை நான் கேட்டிருக்க வேண்டிய இடம் அடுப்படி அன்று.

நம்மவர்களில் பலர் இந்தத் தயக்கத்தால்தான் பள்ளிப் படி ஏறுவதில்லை, அலட்சியத்தால் அன்று. அக்டோபரில் பிள்ளைகள் ஆசிரியர்களை வணங்கும் விழாவுக்கும், சுவரிதழ் வெளியிடும் நாளுக்கும், விளையாட்டுப் போட்டிக்கும் நாம் போக வேண்டும். தனியாகப் போகக் கூசுபவர்கள் நாலு பேராகச் சேர்ந்தால் போவார்கள். அந்த நாலு பேரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் இடமாக மாலை மண்டபம் அமையும். வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு திருவிழா அறிவிப்புச் செய்யும்போது, இன்ன பள்ளியில் இன்ன நாளில் பெற்றோர் கூட்டம் என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால், கோயில் சொல்லிவிட்டது என்பதற்காகவே பலர் வேலையை விட்டுவிட்டு வருவார்கள். உங்கள் சொல்லுக்கு ஊரில் இருக்கும் மதிப்பு உங்களைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மண்டபம் கல்யாணத்துக்கு வேண்டுமே என்பீர்கள். முகூர்த்த நாளில் எங்களை அனுப்பிவிடுங்கள். திண்ணையில் உட்கார்ந்துகொள்வோம், இல்லையென்றால் அன்று விடுமுறை. யார் பார்த்துக்கொள்வது என்பீர்கள். பெற்றோர் முறை வைத்துப் பார்த்துக்கொள்வோம், கூட்டிப் பெருக்கிப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் போவோம். தமிழ் கற்பிக்க ஆண்டு முழுவதும் ஆசிரியர் கிடைக்க மாட்டார் என்ற கவலை உண்மையானது. தினமும் ஆசிரியர் வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் அவர் வந்து அடுத்த பாடத்தைக் காட்டிவிட்டுப் போனால், மற்ற நாள்களில் முன்பு படித்த பெரிய பிள்ளைகளும் தாய்மாரும் சின்னவர்களுக்கு வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். என் மனைவி செவ்வாயும் வியாழனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பணம் கேட்டு இந்த மடல் எழுதவில்லை. பாய், சிலேட்டு, நோட்டு எல்லாம் எங்கள் பொறுப்பு. எங்கள் தெருவில் நாலு குடும்பம் இதற்கு ஒத்துக்கொண்டிருக்கிறது. மீன் கடைக்காரர் ஒருவர் கரும்பலகை செய்து தருவதாகச் சொல்லிப் பலகையும் அறுத்துவிட்டார். பள்ளி திறக்க இன்னும் சில வாரங்களே இருப்பதால், மே மாதக் குழுக் கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசுமாறு பணிவோடு வேண்டிக்கொள்கிறேன். கூப்பிட்டால் நானும் வந்து, கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லக் காத்திருக்கிறேன். ஜூன் முதல் வாரத் திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு எந்தக் கதவருகில் பிள்ளைகளோடு வந்து நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
இரண்டு பிள்ளைகளின் தகப்பன்,
தன்லின்.