ஜிபிஎஸ் நேர ரிசீவர் தவறான தேதி தருவது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: வாரண்டியில் உள்ள நேர ரிசீவரின் ஃபர்ம்வேர் (கருவிக்குள் பதித்த மென்பொருள்) கோளாறைச் சரிசெய்தல் அல்லது மாற்றுக் கருவி தருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலிருந்து நேரம் பெற்றுக் கணினிகளுக்குத் தரும் உங்கள் நேர ரிசீவரை எங்கள் ஆய்வுக்கூடத்துக்காக வாங்கியவன் நான். தொலைபேசி, மின்னஞ்சல், சர்வீஸ் சென்டர் என்று எல்லாக் கதவையும் தட்டி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். பேசும்போதெல்லாம் புதிதாக ஒரு டிக்கெட் எண் தருகிறீர்கள், பழைய டிக்கெட்டில் நான் சொன்னதை யாரும் படிப்பதில்லை. தயவுசெய்து இந்தக் கடிதத்தையாவது கருவியின் உள்விவரம் தெரிந்த பொறியாளர் ஒருவரிடம் கொடுங்கள்.

குறை இதுதான். மணி, நிமிடம், விநாடி மூன்றும் பிசகாமல் வருகின்றன. தேதி மட்டும் பத்தொன்பதரை ஆண்டுக்கு மேல் பின்னால் கிடக்கிறது. ஆன்டெனா மொட்டைமாடியில், நான்கு பக்கமும் வானம் தெரிய நிற்கிறது. சிக்னலில் குறை இல்லை. சீரியல் போர்ட்டை டெர்மினலில் திறந்து, ரிசீவர் விநாடிக்கு ஒன்றாக அனுப்பும், தேதியும் நேரமும் அடங்கிய ஆர்எம்சி வரிகளை நானே பார்த்தேன். நிலையைக் காட்டும் இடத்தில், தரவு நம்பத்தக்கது என்பதற்கான ‘ஏ’ எழுத்து இருக்கிறது. அதே வரியில் ஆண்டுக்கான இடத்தில் 06. அதாவது தப்பான தேதியை, சரியானது என்று உறுதி சொல்லி அனுப்புகிறது உங்கள் கருவி.

உண்மைத் தேதிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் சரியாக 7168 நாள். ஏழால் வகுத்தால் 1024 வாரம். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? ஜிபிஎஸ் வார எண்ணிக்கை 1980 ஜனவரி 6 அன்று தொடங்கியது. பழைய சிக்னலில் வார எண்ணுக்குப் பத்து பிட்தான் இடம், அதில் 0 முதல் 1023 வரைதான் எண்ண முடியும், ஆகவே 1023 தாண்டியதும் அது பூஜ்யத்துக்குத் திரும்பும். இதைத்தான் ரோல்ஓவர் என்பார்கள். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பரில். இது எந்தச் சுற்று என்பதைச் செயற்கைக்கோள் சொல்லாது, ரிசீவரின் ஃபர்ம்வேர்தான் கணக்கிட வேண்டும். இதை நான் உங்களுக்குச் சொல்லித்தரும் நிலை வந்திருக்கக் கூடாது. நேர ரிசீவர் செய்து விற்பவர்கள் நீங்கள்.

உங்கள் ஆட்களில் ஒருவருக்கு மட்டும் விஷயம் கொஞ்சம் தெரிந்திருந்தது. அவரும், “அந்த ரோல்ஓவர் 2019லயே முடிஞ்சுபோச்சு சார், இப்ப வராது” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஃபர்ம்வேரில் ஓர் அடிப்படை வாரத்தை எழுதி, அங்கிருந்து 1024 வாரத்துக்குச் சரியாகக் கணக்கிடும்படி பல ரிசீவர்கள் செய்யப்படுகின்றன. அந்தக் கெடு எந்த மாதத்திலும் முடியலாம். உங்கள் கருவியில் முடிந்திருக்கிறது.

சர்வீஸ் சென்டருக்குப் போன கதையைச் சொல்லியே ஆக வேண்டும். விடுப்பு எடுத்துக்கொண்டு ரிசீவர், ஆன்டெனா, கேபிள் அத்தனையையும் சுமந்துபோனேன். உங்கள் சோதனை மேசை இருப்பது கட்டடத்தின் அடித்தளத்தில். ஜன்னல்கூட இல்லாத அறையில் செயற்கைக்கோள் ரிசீவரை எப்படிச் சோதிப்பீர்கள்? அங்கிருந்தவர் ஆன்டெனாவை இணைக்கக்கூட இல்லை. மின்சாரம் கொடுத்தார், முகப்பில் மணி தெரிந்தது, தன் கைபேசியை அதன் பக்கத்தில் பிடித்தார். “டைம் சரியாத்தானே இருக்கு?” என்றார். முகப்பில் மணி மட்டும்தான் தெரியும், தேதி தெரியாது, கணினியில் இணைத்துப் பாருங்கள் என்றேன். “கம்ப்யூட்டர் உங்க பிரச்சனை. தெரியலன்னா தெரிஞ்ச ஆளக் கூட்டிட்டு வாங்க. இல்லன்னா எல்லாரும் மாதிரி இன்டர்நெட்ல டைம் எடுத்துக்கிட்டுப் போங்க” என்று, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. ‘குறை ஏதும் இல்லை’ என்று ஒரு சீட்டு எழுதி, அதற்குப் பரிசோதனைக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்.

இணையம் வேண்டாம் என்பதால்தான் ஐயா இந்தக் கருவியையே வாங்கினோம். எங்கள் அளவீட்டுக் கணினிகள் வெளித்தொடர்பே இல்லாத உள்வலையில் இருக்கின்றன. அவற்றுக்கு நேரம் சொல்ல உங்கள் ரிசீவரை விட்டால் வேறு நாதி இல்லை.

இனி, மன்னிக்கவே முடியாத ஒன்று. கணினிக் கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி மென்பொருள், ஓடிக்கொண்டிருக்கும்போது 1000 விநாடிக்கு மேல் வித்தியாசம் கண்டால் கடிகாரத்தைத் தொடாமல் தானே நின்றுவிடும். முதலில் அப்படித்தான் நின்றது, கணினியின் தேதி கெடாமல் தப்பியது. உங்கள் உதவி எண்ணில் பேசிய பெண், “சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ணுங்க சார், சரியாயிடும்” என்றார். ரிசீவரின் நிலையை அவர் கேட்கவே இல்லை. என்டிபி புதிதாகத் தொடங்கும்போது முதல் தடவை மட்டும் எவ்வளவு பெரிய வித்தியாசத்தையும் ஏற்கும்படிதான் பல இடங்களில் அமைத்திருப்பார்கள். எங்கள் சர்வரும் அப்படியே. ரீஸ்டார்ட் செய்ததும் 2006க்குத் தாவியது. பாதுகாப்புச் சான்றிதழ்கள் ‘இன்னும் நடைமுறைக்கு வரவில்லை’ என்று மறுக்கப்பட்டன. ஒரு கணினி இன்னொன்றோடு பேசவில்லை. இரவு முழுக்க வந்த அளவீடுகள் பழைய தேதியில் பதிந்து, முன்பின் தெரியாமல் கலந்துபோயின. பல ஆண்டு உழைப்பு மொத்தமும் பாழ். இத்தனை காலம் நான் சேர்த்த நல்ல பெயரும் அன்றோடு போயிற்று. இதற்கு முழுப் பொறுப்பு உங்கள் நிறுவனமே.

அதற்குப் பிறகும் உங்கள் மின்னஞ்சல்கள் என்ன சொல்லின? கேபிளை மாற்று, தரவு அனுப்பும் வேகத்தை (பாட் ரேட்) 4800க்கு இறக்கு, நேர மண்டலத்தைச் சரிபார், டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போடு. நேர மண்டலம் தவறினால் மணிக்கணக்கில் தவறும், 1024 வாரமா தவறும்? ரிசீவர் விநாடிதோறும் அனுப்பும் மின்துடிப்பு நன்றாக இருப்பதால் கருவியும் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விநாடி எப்போது தொடங்குகிறது என்பதை மட்டுமே துடிப்பு சொல்லும், அது எந்த நாளின் விநாடி என்பதை ஆர்எம்சி வரிதான் சொல்ல வேண்டும்.

உங்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. கருவியின் கட்டமைப்பு நன்றாகவே இருக்கிறது. வார எண் திருத்தப்பட்ட ஃபர்ம்வேரையும் அதை ஏற்றும் முறையையும் அனுப்பினால் நானே ஏற்றிக்கொள்கிறேன். அது முடியாதென்றால் திருத்திய ஃபர்ம்வேர் உள்ள வேறு கருவி தாருங்கள். இரண்டில் எதுவானாலும், கோளாறு ஃபர்ம்வேரில்தான் என்று எழுத்தில் எனக்கு வேண்டும். இதே மாடலை வாங்கிய மற்றவர்களுக்கும் உடனே தெரிவியுங்கள், அவர்களும் சர்வரை ரீஸ்டார்ட் செய்து மாட்டிக்கொள்ளக் கூடாது.

பதிவு செய்த ஆர்எம்சி வரிகளையும், சர்வர் லாகையும், அந்தக் ‘குறை ஏதும் இல்லை’ சீட்டின் நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பதினைந்து நாளுக்குள் பொறியாளர் ஒருவரின் பதில் வராவிட்டால் இதே கட்டு நுகர்வோர் மன்றத்துக்குப் போகும், நஷ்டஈட்டுத் தொகையையும் அங்கேயே கேட்பேன். பரிசோதனைக் கட்டணத்தை மட்டும் அதுவரை காக்க வைக்காமல் உடனே திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். செய்யாத சோதனைக்கு வாங்கிய பணம் அது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்